மரம் அறுக்கும் இயந்திரத்துக்குப் புதிய பார், செயின்: அங்குலம் மட்டும் பார்த்து வாங்கலாமா?

புதுடெல்லி: புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் முதலில் திறக்கப்பட வேண்டியது சாலை. ஆம்புலன்ஸ் செல்லவும், மின்கம்பங்களைச் சீரமைக்கவும், குடிநீர் லாரி ஊருக்குள் வரவும் குறுக்கே விழுந்து கிடக்கும் மரம் அகன்றாக வேண்டும். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் மேற்கு வங்கத்தைத் தாக்கியபோது கொல்கத்தா மாநகரில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றை அகற்றும் பணியில் ராணுவமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இறங்கின. அண்டை மாநிலமான ஒடிசாவில் இருந்தும் குழுக்கள் சென்றன. அதற்கு முந்தைய ஆண்டு மே 3-இல் பூரி அருகே கரையைக் கடந்த ஃபானி புயலின்போதும், 2018 நவம்பரில் தமிழகத்தின் டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை அழித்த கஜா புயலின்போதும் இதே காட்சிதான்.

இப்பணிகள் அனைத்திலும் முதன்மைக் கருவியாக இருப்பது, கடைகளில் 'செயின் சா' என்றும் 'பவர் சா' என்றும் வழங்கப்படும் மரம் அறுக்கும் இயந்திரம். மீட்புப் படைகளிடம் மட்டுமின்றி, தோட்ட உரிமையாளர்கள், விறகு வியாபாரிகள், கூலிக்கு மரம் வெட்டித் தரும் தொழிலாளர்கள் ஆகியோரிடமும் இன்று இது பரவலாக உள்ளது. முறையாகப் பராமரித்தால் இதன் எஞ்சின் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் மரத்தை நேரடியாக அறுக்கும் செயினும், அது ஓடும் பாரும் தேயும் பாகங்கள். அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும்.

அந்த நேரத்தில் பலர் கடையில் கேட்பது, '20 இஞ்ச் செயின் ஒன்று கொடுங்கள்' என்பதே. அங்குலக் கணக்கு மட்டும் போதாது. ஒரே நீளமுள்ள இரு பார்களுக்கு வெவ்வேறு செயின்கள் தேவைப்படலாம். தவறான செயினை வாங்கினால் பணம் வீணாவதுடன் முடிவதில்லை. அது ஓடும்போது பாரை விட்டுக் கழன்று விழவும், அறுந்து தெறிக்கவும், இயக்குபவரைக் காயப்படுத்தவும் கூடும். சரியானதைத் தேர்வு செய்வது எப்படி என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

செயின் எவ்வாறு அறுக்கிறது?

செயின் சாவின் முன்பகுதியில் நீண்டிருக்கும் தட்டையான இரும்புத் தகடே பார். அதன் விளிம்பு முழுவதும் ஒரு காடி ஓடுகிறது. செயினின் அடிப்பகுதியில் உள்ள கூரான கண்ணிகள் அந்தக் காடிக்குள் இறங்கி ஓடுகின்றன. இவையே 'டிரைவ் லிங்க்' எனப்படுகின்றன. எஞ்சினுடன் இணைந்த பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் இந்த டிரைவ் லிங்குகளைப் பற்றிச் செயினைச் சுழற்றுகிறது. மேற்புறத்தில் இடம், வலம் என மாறி மாறி அமைந்த வெட்டுப் பற்கள் மரத்தைச் செதுக்குகின்றன.

'அறுத்தல்' என்று சொன்னாலும், இன்றைய செயின் செய்யும் வேலை உளியின் வேலையே. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1946-இல் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடைந்து செல்லும் வண்டுப் புழு ஒன்றின் தாடைகளைக் கவனித்தார். ஆங்கில 'சி' எழுத்தைப் போல் வளைந்த அத்தாடைகள், மரத்தை இடமும் வலமுமாகச் சுரண்டி எளிதாக வழி செய்துகொண்டன. அதே வடிவில் அவர் உருவாக்கிய செயினே இன்று உலகம் முழுவதும் பயன்படும் செயின்களின் முன்னோடி.

ஒவ்வொரு வெட்டுப் பல்லின் முன்பும் சிறு மேடு ஒன்று உண்டு. பல் ஒரு முறையில் எவ்வளவு ஆழம் மரத்தைக் கடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த மேடுதான். இதன் பெயர் ஆழமானி. பெரும்பாலான செயின்களில் இது பல்லின் நுனியைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். முடியிழை அளவிலான இந்த வேறுபாடே செயின் மரத்தைச் செதுக்குகிறதா, வெறுமனே உரசுகிறதா, அல்லது அளவுக்கு மீறிக் கடித்துத் துள்ளுகிறதா என்பதை முடிவு செய்கிறது.

மாற்ற வேண்டிய நேரம் எது?

கூர் மங்கிய செயினையும் தேய்ந்து முடிந்த செயினையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். கூர் மங்கியதை அரம் கொண்டு தீட்டிப் பயன்படுத்தலாம். தேய்ந்து முடிந்ததை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கூரான செயின் தடித்த சிராய்களை வெளியே தள்ளும். சிராய்க்குப் பதிலாக மாவு போன்ற தூள் வந்தால் பற்கள் மழுங்கிவிட்டன என்று பொருள். இயந்திரத்தைக் கையால் அழுத்தினால்தான் அறுக்கிறது என்றாலும், எண்ணெய் சரியாக வந்தும் வெட்டிய இடத்தில் புகை கிளம்பினாலும் அதே காரணம்தான். தீட்டும்போதெல்லாம் பல் சற்றே குட்டையாகும். மிகக் குட்டையான பல்லின் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் செயினின் ஆயுள் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். பல செயின்களில் பல்லின் மீதே இதற்கான கோடு பொறிக்கப்பட்டிருக்கும். பல் உடைந்திருந்தாலோ, கண்ணிகளில் விரிசல் இருந்தாலோ, ரிவெட்டுகள் தளர்ந்திருந்தாலோ அளவு பார்க்கத் தேவையில்லை. அந்தச் செயினைக் கழித்துவிட வேண்டும்.

பாரின் தேய்மானம் எளிதில் கண்ணில் படாது. அதை அறிய மூன்று சோதனைகள் உள்ளன.

ஒன்று, செயினைக் கழற்றிய பின் பாரைச் சமதளமான மேசையில் விளிம்பின் மீது செங்குத்தாக நிறுத்திப் பார்த்தல். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் காடியின் இரு கரைகளும் சமமின்றித் தேய்ந்துள்ளன. இத்தகைய பார் மரத்தை நேராக அறுக்காது. வெட்டு வளைந்து போகும்.

இரண்டு, செயினைப் பொருத்திய நிலையில் பாரின் பக்கவாட்டிலும் செயினிலும் படுமாறு ஓர் எஃகு அளவுகோலை வைத்தல். அளவுகோலுக்கும் பாருக்கும் இடையே சிறு இடைவெளி தெரிந்தால் காடி நன்றாக உள்ளது. இடைவெளியே இன்றி அளவுகோல் பாருடன் ஒட்டிப் படிந்தால் செயின் பக்கவாட்டில் சாய்கிறது, அதாவது காடி அகன்றுவிட்டது.

மூன்று, காடியின் ஆழத்தை அளத்தல். உயரம் குறைந்த 3/8 வகைச் செயினுக்கு 5 மில்லிமீட்டரும், 0.325 மற்றும் வழக்கமான 3/8 வகைகளுக்கு 6 மில்லிமீட்டரும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே தேய்ந்தால் டிரைவ் லிங்கின் நுனி காடியின் அடியில் உரசும், செயின் கழலும்.

பாரின் ஓரங்களில் எழும் பிசிறு மட்டுமே குறை என்றால் தட்டை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். ஓரங்கள் நீல நிறமாக மாறியிருப்பது கடும் வெப்பத்தின் அடையாளம். எண்ணெய் போதுமான அளவு வரவில்லை என்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்யாமல் புதிய பார் வாங்கினால் அதற்கும் அதே கதிதான்.

பொருந்த வேண்டிய மூன்று எண்கள்

செயினைத் தேர்வு செய்ய மூன்று எண்கள் தெரிந்தாக வேண்டும். அவை பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. மூன்றில் ஒன்று தவறினாலும் செயின் பொருந்தாது.

பிட்ச் என்பது கண்ணிகளுக்கு இடையிலான தூரம். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து, அதை இரண்டால் வகுத்தால் பிட்ச் கிடைக்கும். சந்தையில் அதிகம் காணப்படுபவை 1/4, 0.325, 3/8, 0.404 அங்குல வகைகள். மில்லிமீட்டர் அளவுகோல் மட்டுமே கையில் இருந்தால், மூன்று ரிவெட்டுகளுக்கு இடையே சுமார் 12.7 என்று வந்தால் அது 1/4, 16.5 என்றால் 0.325, 19 என்றால் 3/8, 20.5 என்றால் 0.404.

பேட்டரியில் இயங்கும் கைக்கு அடக்கமான ரம்பங்களில் பெரும்பாலும் 1/4 பிட்ச் இருக்கும். வீட்டு உபயோகத்துக்கான சிறு இயந்திரங்களில் உயரம் குறைந்த 3/8 வகையும், நடுத்தர இயந்திரங்களில் 0.325 வகையும், தொழில்முறைப் பெரிய இயந்திரங்களில் வழக்கமான 3/8 வகையும் காணப்படும். 0.404 என்பது மிகப் பெரிய மரங்களுக்கானது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. உயரம் குறைந்த 3/8 வகையும் வழக்கமான 3/8 வகையும் பெயரில் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. இரண்டின் கண்ணிகளும், அவற்றுக்கான ஸ்ப்ராக்கெட்டும் வேறு. 'லோ ப்ரொஃபைல்' என்ற சொல் பெட்டியில் உள்ளதா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

கேஜ் என்பது டிரைவ் லிங்கின் தடிமன். அதுவே பாரின் காடி அகலமும் ஆகும். 0.043, 0.050, 0.058, 0.063 அங்குலம் என நான்கு அளவுகள் வழக்கில் உள்ளன. மில்லிமீட்டரில் இவை முறையே 1.1, 1.3, 1.5, 1.6. தடித்த செயின் மெல்லிய காடிக்குள் இறங்காது என்பதால் அந்தத் தவறு கடையிலேயே தெரிந்துவிடும். ஆபத்தானது இதற்கு நேர்மாறான தவறு. 0.058 காடியில் 0.050 செயின் எளிதாக இறங்கிவிடும்; ஓடவும் செய்யும். ஆனால் காடிக்குள் இருபுறமும் ஆடி, வெட்டைக் கோணலாக்கி, இறுதியில் கழன்றுவிடும். மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு வேறுபாட்டைக் கண்ணால் அளவிட முடியாது. வெர்னியர் அளவி கொண்டு அளப்பதே முறை.

டிரைவ் லிங்க் எண்ணிக்கைதான் செயினின் உண்மையான நீளம். ஒரு டிரைவ் லிங்கில் வண்ணப் பேனாவால் குறியிட்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு மீண்டும் அதே குறிக்கு வர வேண்டும். வெட்டுப் பற்களையோ ரிவெட்டுகளையோ எண்ணக் கூடாது.

அங்குலக் கணக்கு ஏன் போதாது என்பது இங்குதான் தெளிவாகிறது. 16 அங்குல, உயரம் குறைந்த 3/8 வகைப் பார்களில் சிலவற்றுக்கு 55 லிங்கும், வேறு சிலவற்றுக்கு 56 லிங்கும் தேவை. 0.325 பிட்ச் கொண்ட 20 அங்குலப் பார்களில் 76 லிங்க் கேட்பவையும் உண்டு, 80 லிங்க் கேட்பவையும் உண்டு. ஒரு லிங்க் கூடினால் என்ன என்று நினைக்கலாம். 0.325 வகையில் ஒரே ஒரு லிங்க் கூடினால் செயினின் சுற்றளவு 16.5 மில்லிமீட்டர் அதிகரிக்கும். அதை இறுக்கப் பார் 8 மில்லிமீட்டருக்கு மேல் முன்னே நகர வேண்டும். புதிய செயின் ஓட ஓட நீளும் என்பதற்காகவே இயந்திரத்தில் அந்த இடம் விடப்பட்டுள்ளது. அதைத் தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டால் சில நாட்களிலேயே செயினை இறுக்க வழியிருக்காது. ஒரு லிங்க் குறைந்தாலோ பாரில் ஏற்றவே முடியாமல் போகலாம்.

இந்த எண்களை எங்கே காண்பது?

பாரில் எஞ்சினை ஒட்டிய பகுதியில் இவை பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். நீளம், பிட்ச், கேஜ், லிங்க் எண்ணிக்கை ஆகியவை அங்கு வரிசையாக இருக்கும். எண்ணெயும் மரத்தூளும் படிந்து மறைந்திருந்தால் பழைய துணியால் துடைத்தால் தெரியும்.

செயினிலும் குறியீடு உண்டு. சில தயாரிப்பாளர்கள் டிரைவ் லிங்கின் மீது எண்களைப் பொறிக்கின்றனர். எடுத்துக்காட்டாக, ஒரிகான் நிறுவனச் செயினில் 91 என்றிருந்தால் அது உயரம் குறைந்த 3/8 பிட்ச், 0.050 கேஜ், 21 என்றிருந்தால் 0.325 பிட்ச், 0.058 கேஜ். ஸ்டில் நிறுவனச் செயின்களில் 1, 3, 5, 6 என்ற எண்கள் முறையே 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் தடிமனைக் குறிக்கின்றன. ஒரு நிறுவனத்தின் குறியீட்டை மற்றொரு நிறுவனத்தின் செயினுக்குப் பொருத்திப் படிக்கக் கூடாது.

இணைய விற்பனைத் தளங்களிலும் சந்தைகளிலும் அதிகம் கிடைக்கும் 58 சிசி வகை இயந்திரங்களில் 0.325 பிட்ச், 0.058 கேஜ் என்ற அமைப்பு பரவலாக உள்ளது. 18 அங்குலப் பாருக்கு 72, 20 அங்குலத்துக்கு 76, 22 அங்குலத்துக்கு 86 லிங்க் என்பது இவ்வகையில் வழக்கம். எனினும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு இயந்திரங்களின் பார்கள் வேறுபடலாம் என்பதால், பட்டியலை நம்புவதைவிடத் தம் பாரைப் பார்த்து உறுதிசெய்வதே நல்லது.

பார் வாங்கும்போது

பாரின் நீளம் என்பது இயந்திரத்தின் முகப்பிலிருந்து பாரின் நுனி வரை அறுக்கப் பயன்படும் பகுதி. எஞ்சின் மூடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதி இதில் சேராது. கழற்றி வைத்த பாரை முழுமையாக அளந்துவிட்டு அந்த நீளத்தைக் கேட்டு வாங்குவது அடிக்கடி நேரும் பிழை.

அடுத்தது வால் பகுதியின் அமைப்பு. பாரைப் பிணைக்கும் போல்ட்டுகளுக்கான நீள்துளையின் அகலம், செயினை இறுக்கும் ஆணி பொருந்தும் துளை, எண்ணெய் வரும் துளை ஆகிய மூன்றும் இயந்திரத்துடன் ஒத்திருக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் மட்டுமின்றி, ஒரே நிறுவனத்தின் சிறிய, பெரிய இயந்திரங்களுக்கு இடையிலும் இவை மாறும். எண்ணெய்த் துளை சிறிதளவு விலகினாலும் பார் பொருந்தியதுபோல் தோன்றும். ஆனால் எண்ணெய் காடிக்குச் செல்லாது. சில மணி நேரத்தில் பாரும் செயினும் காய்ந்து கெடும்.

பாரின் நுனியிலும் சிறு பற்சக்கரம் ஒன்று உண்டு. அதற்கும் பிட்ச் உண்டு. எனவே 0.325 பாரில் 3/8 செயினைப் பூட்ட இயலாது.

நீளமான பார் இருந்தால் பெரிய மரத்தை அறுக்கலாம் என்று சிறு எஞ்சினில் பெரிய பாரைப் பூட்டுவோர் உண்டு. செயினின் நீளம் கூடும்போது உராய்வும் கூடுகிறது, எஞ்சின் திணறுகிறது, எண்ணெய் பம்ப் நுனி வரை போதுமான எண்ணெயை அனுப்ப முடிவதில்லை. கையேட்டில் தரப்பட்டுள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. வழக்கமாக அறுக்கும் மரத்தின் விட்டத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலான பார் போதுமானது. குட்டையான பார் எடை குறைவு, தீட்டுவதற்குப் பற்கள் குறைவு, கட்டுப்பாடும் எளிது.

எந்த மரத்துக்கு எந்தப் பல்?

மூன்று எண்களும் பொருந்தும் செயின்களிலேயே பல்லின் வடிவம் வேறுபடும். முனை சதுரமாக உள்ள 'ஃபுல் சிசல்' வகை சுத்தமான பச்சை மரத்தை மிக வேகமாக அறுக்கும்; ஆனால் மண்ணோ மணலோ பட்டால் உடனே மழுங்கும். முனை வளைந்த 'செமி சிசல்' வகையின் வேகம் சற்றுக் குறைவு. ஆனால் புழுதி படிந்த மரத்திலும், காய்ந்த கடின மரத்திலும் நீண்ட நேரம் கூர் நிற்கும்.

புளி, வேம்பு, சவுக்கு போன்ற கடின மரங்களை அறுப்பவர்களுக்கும், புயலில் சாய்ந்து மண்ணில் புரண்ட மரங்களை அகற்றுபவர்களுக்கும் செமி சிசல் வகையே ஏற்றது. தென்னை மரத்தின் நடுப்பகுதி மென்மையாக இருந்தாலும் வெளிவட்டம் இறுகிய நார்களால் ஆனது. அதற்கும் இதுவே பொருந்தும். மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுப்பவர்களுக்குத் தனி வகைச் செயின் உண்டு. வழக்கமான 30 பாகைக்குப் பதிலாக ஏறத்தாழ 10 பாகைக் கோணத்தில் அதன் பற்கள் தீட்டப்பட்டிருக்கும்.

சாலையோர மரங்களில் மற்றொரு சிக்கல் உள்ளது. விளம்பரப் பலகைகளுக்காக அடிக்கப்பட்ட ஆணிகள் நாளடைவில் பட்டைக்குள் புதைந்துவிடுகின்றன. புதிய செயினும் ஓர் ஆணியில் பட்டால் ஒரே நொடியில் பல பற்களை இழக்கும். அறுக்கும் முன் பட்டையைக் கூர்ந்து பார்ப்பதும், இத்தகைய பணிக்குப் பழைய செயின் ஒன்றைத் தனியே வைத்திருப்பதும் அனுபவமுள்ளோர் கடைப்பிடிக்கும் வழக்கம்.

எப்போதாவது மட்டும் இயந்திரத்தைக் கையாளும் வீட்டு உபயோகிப்பாளர்கள், பின்னுதைப்பைக் குறைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்ட 'லோ கிக்பேக்' செயினைக் கேட்டு வாங்குவது நல்லது. பார் நுனியின் மேற்பாதி மரத்திலோ கிளையிலோ இடித்தால் பார் மேல்நோக்கித் துள்ளி, இயக்குபவரின் தலையையும் கழுத்தையும் நோக்கி வரும். இதுவே பின்னுதைப்பு. முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. மனிதர் சுதாரிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும் என்பதால், தடுப்பு என்பது முன்கூட்டியே செய்ய வேண்டிய ஒன்று.

மறக்கப்படும் பாகம்: ஸ்ப்ராக்கெட்

புதிய செயின் சில நாட்களிலேயே தளர்கிறது, சத்தம் கேட்கிறது என்ற புகாருக்குப் பல நேரங்களில் காரணம் தேய்ந்த ஸ்ப்ராக்கெட். பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த அதன் பற்கள் புதிய செயினைச் சரியாகப் பற்றுவதில்லை. மோட்டார் சைக்கிளில் செயினை மட்டும் மாற்றி ஸ்ப்ராக்கெட்டை விட்டுவைப்பதைப் போன்றது இது. இரண்டு செயின்கள் தேய்ந்து முடிந்ததும் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அதன் பற்களில் தேய்மானத் தடம் 0.5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாக இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

செலவைக் குறைக்க எளிய வழி ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே இரண்டு செயின்களை வாங்கி, அவற்றை மாறி மாறிப் பயன்படுத்தினால் செயின்களும் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே சீராகத் தேயும். செயினை மாற்றும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால் அதன் இரு விளிம்புகளும் சமமாகத் தேய்ந்து ஆயுள் கூடும்.

பொருத்திய பின் கவனிக்க வேண்டியவை

பாரின் மேற்புறத்தில் வெட்டுப் பற்களின் கூர்முனை பாரின் நுனியை நோக்கி இருக்க வேண்டும். செயினைத் திருப்பிப் பூட்டிவிட்டு, 'புதிய செயின் அறுக்கவில்லை' என்று கடைக்குத் திரும்புவோர் உண்டு.

பாரின் நுனியைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடியே செயினை இறுக்கி, பின்னர் நட்டுகளை முடுக்க வேண்டும். செயின் பாரின் அடிப்புறத்தில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும்; அதே சமயம் கையுறை அணிந்த கையால் இழுத்தால் தடையின்றி நகர வேண்டும். இதை எஞ்சின் நின்றிருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். புதிய செயினை இரண்டு, மூன்று நிமிடங்கள் மரத்தில் வைக்காமல் ஓடவிட்டு, நிறுத்தி, ஆறிய பின் மீண்டும் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கிய செயினை, வேலை முடிந்ததும் தளர்த்திவிடுவது அவசியம். ஆறும்போது சுருங்கும் செயின் எஞ்சின் தண்டையும் பேரிங்கையும் சேதப்படுத்தக் கூடும்.

எண்ணெய் வருகிறதா என்பதை அறிய, பாரின் நுனியை ஒரு வெளிர்நிற அட்டைக்கு மேலே சிறிது தூரத்தில் பிடித்து எஞ்சினை வேகப்படுத்தினால் போதும். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். வாகனங்களில் இருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை இதற்கு ஊற்றும் பழக்கம் பரவலாக உள்ளது. அதில் உள்ள உலோகத் துகள்கள் பம்பையும் பாரையும் தேய்க்கும். மேலும், அந்த எண்ணெய் சிதறித் தோலில் தொடர்ந்து படுவது புற்றுநோய் அபாயம் கொண்டது. செயினுக்கென விற்கப்படும் ஒட்டும் தன்மையுள்ள எண்ணெயே சரியானது.

தீட்டும் அரத்தின் அளவும் செயினைப் பொறுத்தது. உயரம் குறைந்த 3/8 வகைக்கு 4 மில்லிமீட்டர், 0.325 வகைக்கு 4.8 மில்லிமீட்டர், வழக்கமான 3/8 வகைக்கு 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம் தேவை. செயினுடன் சேர்த்தே அதையும் வாங்கிவிடலாம்.

குறுக்கு வழி ஆபத்து

பார், செயின் மாற்றும் செலவைத் தவிர்க்க, இரும்பு வெட்டும் ஆங்கிள் கிரைண்டரில் பாரையும் செயினையும் பூட்டும் இணைப்புகள் சந்தையில் விற்கப்படுகின்றன. நான்கு அங்குல கிரைண்டர்கள் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல் சுழல்பவை. அவற்றில் பின்னுதைப்பின்போது செயினை நிறுத்தும் பிரேக்கோ, அறுந்த செயினைத் தடுக்கும் அமைப்போ, தானாக எண்ணெய் செலுத்தும் பம்போ இல்லை. இத்தகைய இணைப்புகளைத் தவிர்ப்பதே உயிருக்குப் பாதுகாப்பு.

அதேபோல் அறுந்த செயினை உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்துப் பயன்படுத்தக் கூடாது. வெப்பத்தில் வலுவிழந்த கண்ணி அடுத்த முறை எங்கு அறுந்து, எந்தத் திசையில் தெறிக்கும் என்று கணிக்க இயலாது. செயினை இணைக்க உரிய ரிவெட் கருவியும், அதே வகைக் கண்ணியும் தேவை.

புயலுக்குப் பிந்தைய பணியில் மேலும் ஒரு விதி உண்டு. மரத்தின் மீதோ அடியிலோ மின்கம்பி கிடந்தால், மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததை உறுதிசெய்யும் வரை இயந்திரத்தை இயக்கக் கூடாது. தலைக்கவசம், முகத்திரை, காதடைப்பான், கையுறை, செயின் ஊடுருவாத காலுறை அல்லது காற்சட்டை ஆகியவை கூடுதல் வசதிகள் அல்ல. இயந்திரத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டியவை.

கடைக்குச் செல்லும் முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

1. இயந்திரத்தின் நிறுவனம், மாடல், எஞ்சின் சிசி அளவு.

2. பாரில் பொறிக்கப்பட்டுள்ள நீளம், பிட்ச், கேஜ்.

3. பழைய செயினில் எண்ணிப் பார்த்த டிரைவ் லிங்க் எண்ணிக்கை. பாரில் உள்ள எண்ணுடன் இது ஒத்துப்போக வேண்டும்.

4. 3/8 என்றால் அது உயரம் குறைந்த வகையா, வழக்கமான வகையா என்ற விவரம்.

5. பாரின் வால் பகுதியில் உள்ள துளைகள் தெளிவாகத் தெரியும் புகைப்படம். இயன்றால் பழைய பாரையும் செயினையும் கையிலேயே எடுத்துச் செல்வது மேலும் நல்லது.

6. ஸ்ப்ராக்கெட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, அதன் பிறகு எத்தனை செயின்கள் தேய்ந்தன என்ற கணக்கு.

இந்த எண்களை இயந்திரத்தின் பெட்டியிலோ எரிபொருள் கேனிலோ அழியாத மையால் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அவசரத்தில் தேட வேண்டியிருக்காது. கிழக்குக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் புயல்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதிகம் வீசுகின்றன. அதற்கு முன்பாகவே பொருத்தமான மாற்றுச் செயின் ஒன்றை வாங்கி, ஒருமுறை பூட்டி ஓட்டிப் பார்த்து, எண்ணெயிட்டு வைப்பது புத்திசாலித்தனம். மின்சாரம் இன்றி, கடைகள் மூடி, சாலையும் அடைபட்டுக் கிடக்கும் அன்று, பொருந்தாத செயினைத் திருப்பிக் கொடுத்து மாற்றிவர வழி இருக்காது.